குழந்தையின் பணம், குழந்தையின் வைத்தியம், அம்மாவின் வரி

பேரப்பிள்ளை பெயரில் தாத்தா ஒரு தொகையை வங்கியில் வைப்பு நிதியாகப் போடுவது நம்ம ஊர்களில் சகஜம். அந்த வட்டியை எடுத்து அதே குழந்தையின் வைத்தியத்துக்குச் செலவு செய்தால்? "பிள்ளையோட பணம், பிள்ளைக்கே செலவு, இதுல வரி எங்க வந்துச்சு?" என்று கேட்கத்தான் தோன்றும். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை.

பிள்ளைகள் பெயரில் பணத்தைப் பிரித்துப் போட்டு வரியைக் குறைப்பதைத் தடுக்க, 1992 நிதிச் சட்டத்தில் 64(1ஏ) என்ற பிரிவு வந்தது. 18 வயது நிரம்பாத குழந்தையின் வருமானம், பெற்றோரில் யாருக்கு வருமானம் அதிகமோ அவர் கணக்கில் சேரும். குழந்தை தன் உழைப்பாலோ திறமையாலோ சம்பாதித்தது மட்டும் சேராது. வட்டி சேரும்.

மரக்காணம் பக்கம் பிரம்மதேசத்தில் ஒரு குடும்பம் என்று வெச்சுக்குவோம். அப்பாவுக்கு உப்பளத்தில் கூலி வேலை, அம்மா ஆசிரியை. 2025-26ல், நிலையான கழிவு போக அம்மாவின் வருமானம் 11,80,000 ரூபாய். புதிய வரி முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் வரி பூஜ்யம். பிள்ளைக்குப் பிறவியிலேயே காது கேட்காது. தாத்தா போட்ட பணத்துக்கு வட்டி 48,000. அது முழுக்கப் புதுச்சேரியில் பேச்சுப் பயிற்சிக்கும் கருவிக்கும் போய்விடுகிறது.

வட்டியைச் சேர்த்தால் 12,28,000 ஆச்சு. 12 லட்சத்தைத் தாண்டிய 28,000 ரூபாயும் அப்படியே வரியாகப் போகும். 4 சதவீத செஸ் சேர்த்தால் 29,120. எவ்வளவு மருத்துவ பில் வைத்திருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. செலவு யார் பணத்திலிருந்து போனது என்று சட்டம் கேட்பதே இல்லை.

ஆனால் அதே பிரிவுக்குள் ஒரு விலக்கு இருக்கிறது. 80யு பிரிவில் சொல்லப்படும் மாற்றுத்திறன் உள்ள குழந்தை என்றால், அதன் வருமானம் பெற்றோர் கணக்கில் சேராது. பார்வை, செவித்திறன், கை கால் இயக்கம், மூளை முடக்குவாதம், ஆட்டிசம் போன்றவை அதில் வரும். குறைந்தது 40 சதவீதம் என்று மருத்துவ அதிகாரியின் சான்றிதழ் வேண்டும். அது கையில் இருந்தால் அந்த 48,000 பிள்ளையின் சொந்த வருமானம். 4 லட்சத்துக்குக் கீழ் என்பதால் பிள்ளைக்கும் வரி இல்லை, அம்மாவுக்கும் வரி இல்லை.

பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு வேறு வழிகளும் உண்டு. மாற்றுத்திறனுள்ள பிள்ளையைப் பராமரிக்கும் பெற்றோருக்கு 80டிடி பிரிவில் 75,000 கழிவு. 80 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்றால் 1,25,000. செலவு செய்திருந்தால் போதும், தொகை எவ்வளவு என்பது கணக்கில்லை. புற்றுநோய், தலசீமியா, ஹீமோபிலியா போன்றவற்றுக்கு 80டிடிபி பிரிவில் 40,000 வரை. மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு 80டி. பிள்ளையின் வருமானத்தில் 1,500 ரூபாய்க்கு விலக்கும் உண்டு. புதிய முறையில் இவை எதுவும் கிடையாது. அதனால் இரண்டு முறையிலும் போட்டுப் பார்த்துவிட்டே முடிவெடுக்க வேண்டும்.

2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்கள் மாறும். பிள்ளையின் வருமானத்தைப் பெற்றோரோடு சேர்க்கும் விதி தொடர்கிறது. பில்லைப் பத்திரப்படுத்துகிற வீடுகள் சான்றிதழை வாங்காமல் விட்டுவிடக் கூடாது. இங்கே வரியைக் காப்பாற்றுவது அந்த ஒரு தாள்தான்.