போன மாதத்துக் காய்ச்சல்

2020 ஏப்ரல் நடுவில், பத்தே நாட்களுக்குள், லண்டன் எவலினா குழந்தைகள் மருத்துவமனையின் மருத்துவர்கள் எட்டுக் குழந்தைகளைப் பார்த்துத் திகைத்தார்கள். விடாத காய்ச்சல், வயிற்றுவலி, வாந்தி, பேதி, சிவந்த கண்கள், உடம்பில் தடிப்பு. பிறகு ரத்த அழுத்தம் சரிந்து அதிர்ச்சி நிலை. ஏழு பேருக்குச் செயற்கைச் சுவாசம் தேவைப்பட்டது. நுரையீரல் பழுதானதால் அல்ல, இதயமும் ரத்த ஓட்டமும் தடுமாறியதால். பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் இறந்துபோனான். ஊரெங்கும் கொரோனா பரவியிருந்த நேரம் அது. ஆனால் தொடக்கத்தில் செய்த பரிசோதனைகளில் அந்த எட்டுப் பேரிடமும் வைரஸ் அகப்படவில்லை. இத்தாலியின் பெர்காமோவிலும் இதே கதை. குழந்தைகளின் ரத்தக்குழாய்களில் அழற்சியை உண்டாக்கும் கவாசாகி நோயைப் போன்ற அறிகுறிகளுடன் முந்தைய ஐந்தாண்டுகளில் 19 குழந்தைகளே வந்திருந்த மருத்துவமனைக்கு, கொரோனா தாக்கிய இரண்டே மாதங்களில் 10 பேர் வந்தார்கள். அவர்களில் எட்டுப் பேரின் ரத்தத்தில் கொரோனாவுக்கான ஆன்டிபாடிகள் இருந்தன. கிருமி வந்து, உடல் அதை எதிர்த்து, ஆன்டிபாடியும் உருவான பிறகுதான் இந்த நோய் தொடங்கியிருக்கிறது. மே மாத நடுவில் உலக சுகாதார நிறுவனம் இதற்கு வரையறை வகுத்தது. குழந்தைகளின் பல்லுறுப்பு அழற்சி நோய், ஆங்கிலச் சுருக்கத்தில் மிஸ்-சி.

இந்த நோயின் எல்லாத் தொல்லைகளுக்கும் வேர் அதன் காலக்கணக்கில் இருக்கிறது. தொற்று வந்து இரண்டு முதல் ஆறு வாரங்கள் கழித்தே இது தலைகாட்டும். முதல் தொற்று பல குழந்தைகளுக்கு ஒரு நாள் மூக்கொழுகலோடு போயிருக்கும், சிலருக்கு அதுவும் இருந்திருக்காது. அமெரிக்காவில் 186 குழந்தைகளை ஆராய்ந்து 2020-ல் வெளியான அறிக்கையின்படி, பத்தில் ஏழு பேருக்கும் மேல் அதுவரை எந்த நோயும் இல்லாதவர்கள். ஐந்தில் நான்கு பேர் தீவிர சிகிச்சைப் பிரிவு வரை போனார்கள். ஏன் சில குழந்தைகளின் எதிர்ப்பாற்றல் மட்டும் தன் உடலையே தாக்குகிறது என்ற கேள்விக்கு விடை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கிடைத்துவருகிறது. 2024-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு ஒரு துப்பைக் கொடுத்தது. வைரஸின் ஒரு புரதத் துண்டும் நம் உடலில் உள்ள எஸ்.என்.எக்ஸ்.8 என்ற புரதத்தின் ஒரு துண்டும் ஒத்த சாயலில் இருக்கின்றன. ஆராயப்பட்ட குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரின் ஆன்டிபாடிகள் இரண்டையும் ஒன்றென்று எண்ணித் தாக்கியிருக்கின்றன. 2025-ல் வந்த இன்னொரு ஆய்வு, உடலில் முன்பே உறங்கிக்கிடந்த எப்ஸ்டீன்-பார் வைரஸ் மீண்டும் விழித்துக்கொள்வதைக் காரணமாகச் சுட்டியது. எது முழு உண்மையாக இருந்தாலும், நோயைக் கண்டுபிடிக்கும் வழியில் மாற்றமில்லை. இன்று எடுக்கும் மூக்குச் சளியில் விடை இல்லாமல் போகலாம். ஒரு மாதத்துக்கு முந்தைய நாட்களில்தான் அதைத் தேட வேண்டும். மூன்று நாளுக்கு மேல் காய்ச்சலோடு வரும் ஒவ்வொரு குழந்தையின் வீட்டாரிடமும் 'போன மாதம் வீட்டில் யாருக்காவது காய்ச்சல், சளி, இருமல் வந்ததா?' என்று கேட்பதும், அந்தப் பதிலைச் சீட்டில் எழுதுவதும் நம் மருத்துவமனைகளில் கட்டாயப் பழக்கமாக வேண்டும் என்பதே என் வாதம்.

நம் ஊரில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் அவசரம் உண்டு. காய்ச்சல், வயிற்றுவலி, தடிப்பு, குறைந்துவரும் தட்டணுக்கள், தளர்ந்துகொண்டே போகும் குழந்தை என்றால் தமிழ்நாட்டு மருத்துவருக்கு முதலில் நினைவுக்கு வருவது டெங்கு. அடுத்து ஸ்க்ரப் டைபஸ், டைபாய்டு. வயிற்றின் வலப்பக்கம் வலித்தால் குடல்வால் அழற்சி. அப்படி நினைப்பதில் தவறே இல்லை. இங்கே அதிகம் வருபவை அவைதானே. ஆனால் டெங்கு அதிர்ச்சியில் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிகிறது, அதனால் கணக்குப் பார்த்து டிரிப்ஸ் ஏற்றுவதே உயிர்காக்கும் வைத்தியம். மிஸ்-சி வந்த குழந்தையிடமோ பல நேரங்களில் இதயத் தசையே வீங்கிச் சோர்ந்திருக்கும். அதே வேகத்தில் டிரிப்ஸை ஓடவிட்டால், இறைக்க முடியாத இதயத்துக்கு மேலும் பாரம் ஏறி, நுரையீரலில் நீர் கோத்துவிடும். கை மணிக்கட்டு ஒரே மாதிரி சில்லிட்டிருக்கும், நாடி ஒரே மாதிரி மெலிந்திருக்கும் இரண்டு குழந்தைகளுக்கு வைத்தியம் வேறு வேறு. அந்த இடத்தில் இதயத்தைப் பார்க்கும் ஒரு எக்கோ பரிசோதனையும் ஒரு மாதத்துக்கு முந்தைய வீட்டு நிலவரமும் சேர்ந்து வழிகாட்டும். சென்னை மருத்துவர்கள் 2020-லேயே எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் இந்த நோயைக் கண்டு 'இந்தியன் பீடியாட்ரிக்ஸ்' இதழில் எழுதினார்கள். ஆகவே இதைக் கண்டுபிடிக்கும் திறமை இங்கே இல்லாமல் இல்லை. அது பெருநகரத்தைத் தாண்டி வட்டத் தலைமை மருத்துவமனை வரை போய்ச் சேர வேண்டும்.

இவ்வளவு அரிதான நோய்க்கு இத்தனை ஆரவாரம் தேவையா என்று கேட்பார்கள். அரிது என்பது உண்மை. முதல் அலைகளின்போது அமெரிக்காவில் போட்ட கணக்கு, தொற்று வந்த 21 வயதுக்குட்பட்ட 10 லட்சம் பேரில் சுமார் 316 பேர் என்கிறது. ஆனால் ஒரு நோயை அரிது என்று தள்ளிவைப்பதற்கு முன், நேரத்தோடு கண்டுபிடித்தால் என்ன மாறும் என்று பார்க்க வேண்டும். கவாசாகி நோயின் வரலாறு அதற்கு நல்ல பதில். 1961-ல் டோக்கியோவின் செஞ்சிலுவை மருத்துவமனையில் தொமிசாகு கவாசாகி என்ற குழந்தை மருத்துவர், எந்தப் புத்தகத்திலும் இல்லாத அறிகுறிகளோடு நான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பார்த்தார். பீளை இல்லாமல் சிவந்த கண், வெடித்துச் சிவந்த உதடு, உப்பிய கை கால், பின்னர் நகக்கண்ணோரம் உரியும் தோல். அவர் அவசரப்படாமல் 50 குழந்தைகளைச் சேர்த்து 1967-ல் எழுதினார். தானாகச் சரியாகிவிடும் நோய் என்றே முதலில் நினைத்தார்கள். இதயத்தின் கரோனரிக் குழாய்கள் அதில் பலூன்போல் வீங்குவது பிறகுதான் தெரிந்தது. வைத்தியம் செய்யாவிட்டால் நான்கில் ஒரு குழந்தைக்கு அந்த வீக்கம் வருகிறது. முதல் பத்து நாட்களுக்குள் இம்யூனோகுளோபுலின் என்ற ஆன்டிபாடி மருந்தை ஏற்றினால் 100-க்கு நாலைந்து பேராகக் குறைகிறது. மிஸ்-சியிலும் அப்படித்தான். அமெரிக்காவில் ஆராயப்பட்ட அந்த 186 பேரில் இறந்தவர்கள் 2 சதவீதம். ஐ.சி.யூ. வரை போன குழந்தைகளைப் பெரும்பாலும் காப்பாற்ற முடிந்தது. என்ன நோய் என்று உரிய நேரத்தில் தெரிந்தது அதற்குக் கைகொடுத்திருக்கும்.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது, நான் அதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லோர் வீட்டிலும்தான் போன மாதம் யாருக்காவது சளி பிடித்திருக்கும், இப்படிக் கேட்கத் தொடங்கினால் காய்ச்சலோடு வரும் குழந்தைக்கெல்லாம் மிஸ்-சிக்கான ஸ்டீராய்டைக் கொடுத்துவிடுவார்கள், உள்ளே இருக்கும் காசநோயோ ஸ்க்ரப் டைபஸோ மறைந்து கெடும் என்பது அது. நியாயமான பயம். அதனால்தான் அந்தக் கேள்வியை வைத்தியத்தின் தொடக்கமாக அல்ல, சந்தேகத்தின் தொடக்கமாக மட்டும் வைக்கச் சொல்கிறேன். வரையறையே, அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. போன்ற அளவுகள் உயர்ந்திருக்க வேண்டும், ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்புகள் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும், வேறு கிருமிகள் காரணமாக இருக்கக் கூடாது என்று கேட்கிறது. டெங்கு, ஸ்க்ரப் டைபஸ் பரிசோதனைகளைச் செய்துகொண்டே எக்கோவுக்கும் அனுப்பலாம். இதில் ஏழைக் குடும்பத்துக்கு ஆறுதலான செய்தி ஒன்றும் உண்டு. இம்யூனோகுளோபுலினை உடல் எடையில் கிலோவுக்கு 2 கிராம் என்று ஏற்றுகிறார்கள். இருபது கிலோ குழந்தைக்கு 40 கிராம், அதாவது ஐந்து கிராம் பாட்டில்கள் எட்டு. ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஆயிரக்கணக்கில் செலவு. 32 நாடுகளிலிருந்து 600-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் விவரங்களைத் திரட்டி 2021-ல் வெளியான ஆய்வில், மிஸ்-சிக்கு இம்யூனோகுளோபுலின் மட்டும், ஸ்டீராய்டு மட்டும், இரண்டும் சேர்த்து என்ற மூன்று வழிகளுக்கும் இடையே குணமடைவதில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. வேறு சில ஆய்வுகள் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதே மேல் என்கின்றன, விவாதம் முடிந்துவிடவில்லை. ஆனாலும் எட்டுப் பாட்டிலுக்குப் பணம் புரட்ட முடியாத பெற்றோரின் குழந்தைக்கும் ஸ்டீராய்டு என்ற உருப்படியான வழி இருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

'கொரோனாவே அடங்கிவிட்டது, இனி எதற்கு இது?' என்பார்கள். ஒமிக்ரான் வந்தபின் மிஸ்-சி வெகுவாகக் குறைந்தது மெய்தான். தடுப்பூசியும் உதவியது. ஆனால் தொற்றுக்குப் பின் வரும் அழற்சி கொரோனாவோடு பிறந்ததில்லை. ஜப்பானில் 2019-ல் 17,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குக் கவாசாகி நோய் வந்தது. முகக்கவசமும் இடைவெளியுமாகக் கழிந்த 2020-ல் அது 11,000 அளவுக்கு இறங்கியது. கிருமிகள் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவது குறைந்ததும் அந்த நோயும் குறைந்தது என்றால், ஏதோ ஒரு சாதாரணத் தொற்றுதான் அதைத் தூண்டிவிடுகிறது என்ற ஐயம் வலுக்கிறது. அடுத்த வைரஸ் எதுவாக இருந்தாலும், அது போன பிறகான ஆறு வாரங்களைக் கவனிக்க வேண்டியிருக்கும்.

வீட்டுக்குத் திரும்பிய குழந்தைக்கும் இதே அக்கறை வேண்டும். பெரும்பாலான குழந்தைகளின் இதயம் சில மாதங்களில் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. ஆனால் ஓரிரு வாரத்திலும், மறுபடி நான்கு முதல் ஆறு வாரத்திலும் எக்கோ எடுத்துப் பார்த்தால்தான் அது உறுதியாகும். ஓடி விளையாடும் பிள்ளையை ஒருநாள் கூலியை விட்டுவிட்டு எதற்கு மறுபடி அழைத்துப்போக வேண்டும் என்று பெற்றோருக்குத் தோன்றுவது இயல்பு. டிஸ்சார்ஜ் சீட்டிலேயே அந்தத் தேதியைத் தமிழில், பெரிய எழுத்தில் எழுதித் தர வேண்டும். இம்யூனோகுளோபுலின் ஏற்றிய குழந்தைக்குத் தட்டம்மைத் தடுப்பூசியை 11 மாதங்கள் தள்ளிப்போட வேண்டும் என்பதையும் அதே சீட்டில் சேர்க்க வேண்டும். அங்கன்வாடியில் ஊசி போட உட்கார்ந்திருக்கும் கிராம சுகாதார செவிலியருக்கு, அந்தக் காகிதம் சொல்லாவிட்டால் அது வேறு எப்படியும் தெரியப்போவதில்லை.