சக்கரத்தின் மேல் குடும்பம்

சிங்கப்பூரில் ஒருவர் வீட்டில் நாளொன்றுக்குச் சராசரியாக 140 லிட்டர் தண்ணீர் செலவழிக்கிறார். அமெரிக்காவில் ‘ஆர்வி’ எனப்படும் வீட்டு வாகனங்களில், நடுத்தர அளவுள்ள ஒன்றின் நல்ல தண்ணீர்த் தொட்டி சுமார் 40 கேலன், அதாவது 150 லிட்டர் கொள்ளும். நம்மில் ஒருவர் ஒரே நாளில் செலவழிப்பதை வைத்துக்கொண்டு, அங்கே கணவனும் மனைவியும் நான்கைந்து நாள் ஓட்டிவிடுகிறார்கள். உடம்பை நனைத்ததும் குழாயை மூடிவிட்டுச் சோப்புப் போடுவது, தட்டைக் கழுவுமுன் காகிதத்தால் துடைப்பது எல்லாம் சீக்கிரமே பழகிவிடும்.

விடுமுறைக்கு இப்படி ஒரு வண்டியை வாடகைக்கு எடுத்துச் சுற்றுவது வேறு, வீட்டைக் காலிசெய்துவிட்டு ஆண்டு முழுவதும் அதிலேயே குடியிருப்பது வேறு. சமூக ஊடகப் படங்களில் ஏரிக்கரையும் காப்பிக் கோப்பையும்தான் தெரியும். கழிவுத் தொட்டி தெரியாது. (சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடலாம்.)

குளியல், சமையல் தண்ணீர் சேர்வது ‘சாம்பல்’ தொட்டி. கழிப்பறைக்கு உரியது ‘கறுப்பு’ தொட்டி. புதிதாக வருவோர் பலர், முகாமில் கழிவுக் குழாயை இணைத்த கையோடு கறுப்புத் தொட்டியின் அடைப்பைத் திறந்தே விட்டுவிடுகிறார்கள். நீர் மட்டும் வடிந்து, மற்றது உள்ளே குவிந்து இறுகிப்போகும். அதற்குப் பிறகு அதை அகற்றுவது யாருக்கும் பிடித்த வேலை இல்லை. தொட்டி பெருமளவு நிறையும்வரை மூடி வைத்து, கறுப்பை முதலில் திறந்துவிட வேண்டும். பின்னால் வரும் சாம்பல் தொட்டியின் சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிக்கொடுத்துவிடும்.

மின்சாரமும் அளந்துதான். 30 ஆம்ப் இணைப்புள்ள வண்டிக்கு 120 வோல்ட்டில் மொத்தமாகக் கிடைப்பது 3,600 வாட். நம் வீட்டுச் சுவரில் உள்ள ஒரே ஒரு 13 ஆம்ப் சாக்கெட்டே ஏறக்குறைய 3,000 வாட் தருகிறது. குளிர்சாதனம் ஓடும்போது மைக்ரோவேவையும் முடி உலர்த்தியையும் போட்டால் வண்டியே இருட்டாகிவிடும்.

இடமோ 30 அடி நீளம், 8 அடி அகலம் என்றால் 240 சதுர அடி. ஈரறை வீவக வீட்டில் சிறியதுகூட ஏறத்தாழ 390 சதுர அடி இருக்கும். கோபித்துக்கொண்டு போய் உட்கார அடுத்த அறை கிடையாது!

இவற்றையெல்லாம் சமாளித்துவிடலாம். உண்மையான சிக்கல் முகவரிதான். ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு, காப்புறுதி, வரி எல்லாமே ஒரு முகவரியைக் கேட்கும். அதனால் மாநில வருமான வரி இல்லாத தெற்கு டகோட்டா, டெக்சஸ், ஃபுளோரிடா மாநிலங்களைப் பலர் ‘சொந்த ஊராக’ ஆக்கிக்கொள்கிறார்கள். கடிதங்களை வாங்கி, இருக்கும் இடத்துக்கு அனுப்பிவைக்க அங்கே தனி நிறுவனங்களே உண்டு. தெற்கு டகோட்டாவில் ஓட்டுநர் உரிமம் பெற, ஓர் இரவு தங்கியதற்கான ரசீதைக் காட்டினால் போதும் என்ற வழக்கம் அப்படித்தான் பிரபலமானது. வாக்களிக்கும் உரிமைக்கு மட்டும் அண்மைய ஆண்டுகளில் விதிகள் இறுகியுள்ளன.

மருத்துவக் காப்புறுதி இன்னும் கடினம். 65 வயதானவருக்கு மெடிகேர் திட்டம் உண்டு. அதற்குக் குறைந்த வயதில் சொந்தமாக வாங்கும் காப்புறுதி, பெரும்பாலும் ஒரு வட்டார மருத்துவமனைகளோடு நின்றுவிடும். சுற்றிக்கொண்டே இருப்பவர் தொலைவில் எங்கோ நோயில் விழுந்தால், அவசர சிகிச்சையைத் தாண்டிய செலவு அவர் தலையில்தான். வண்டி பழுதானாலும் இதே திண்டாட்டம்: பட்டறைக்குப் போவது காரல்ல, படுக்கையறையும் அடுப்படியும்.

இது இளையர்களின் ஊர்சுற்றும் ஆசை மட்டும் என்று நினைத்துவிடக்கூடாது. 2008 நிதி நெருக்கடிக்குப் பின் வீட்டையும் சேமிப்பையும் இழந்து வண்டியில் குடியேறிய மூத்தோரைப் பற்றி ஜெசிக்கா புரூடர் 2017இல் எழுதிய நூல்தான் ‘நோமேட்லேண்ட்’. அதைத் தழுவி குளோயி ஜாவ் இயக்கிய படம் 2021இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் விருதை வென்றது. அதில் நடித்தவர்களில் சிலர் உண்மையிலேயே வண்டியில் வாழ்பவர்கள். விரும்பி வந்தவரையும் வேறு வழியின்றி வந்தவரையும் வண்டியைப் பார்த்து மட்டும் பிரித்துச் சொல்ல முடியாது.

இரு தரப்பினரும் குளிர்காலத்தில் கூடும் இடங்களில் ஒன்று, அரிசோனா பாலைவனத்தில் உள்ள குவார்ட்சைட் என்னும் சிற்றூர். சுற்றியுள்ள அரசு நிலத்தில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தங்க, பல ஆண்டுகளாக 180 டாலர்தான் கட்டணமாக இருந்தது. மற்றப் பொது நிலங்களில் பெரும்பாலும் இலவசம். ஆனால், 14 நாளில் இடம் மாறியாக வேண்டும்.

கோடையில் அங்கே வெயில் 40 பாகையைத் தாண்டும். அதற்குள் வண்டிகள் வடக்கே கிளம்பிவிடும். கையில் காசு குறைந்தவர்கள், அக்டோபரில் வடக்கு டகோட்டா, மினசோட்டா எல்லைப் பகுதியில் சர்க்கரைக் கிழங்கு அறுவடைக்குப் போவார்கள். 12 மணி நேர ஷிப்ட், இரண்டு மூன்று வார வேலை. வண்டியை நிறுத்த இடம் கொடுத்துவிடுவார்கள்.