தலைமகளும் தலைமகனும்

ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் 'யங் லைவ்ஸ்' ஆய்வு, 2002-ல் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தில் ஏறத்தாழ 3,000 சிறாரைத் தொடர்ந்து கவனிக்கத் தொடங்கிற்று. ஐதராபாத்தும் அதன் களங்களுள் ஒன்று. வளர வளரப் பெண்மக்களுக்கு வீட்டுவேலை மிகுவதும், தனியார் பள்ளிகளில் ஆண்மக்களே கூடுதலாகச் சேர்க்கப்படுவதும் அதனால் புலனாயின.

தாய் கூலிக்குச் செல்லும் வீட்டில் தலைமகள் தம்பி தங்கையருக்கு இரண்டாம் தாயாகிறாள். தலைமகனோ நாளைக்குக் குடும்பத்தைத் தாங்க வேண்டியவன் என்று அடுக்களையினின்றும் விலக்கப்படுகிறான். எவரும் போதிக்காமலே, 'இது பெண்ணுக்குரியது' என்னும் எண்ணம் இருவர் மனத்திலும் குமரப் பருவத்துக்குள் ஊன்றிவிடுகிறது. 2019-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டுவேலையில் ஈடுபடுவோருள் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிஷமும் ஆண்கள் 97 நிமிஷமும் அதில் கழித்தனர்.

அடிக்கடி பள்ளிக்கு வாராத மாணவி தலைமகள்தானா என்று ஆசிரியர் விசாரித்தல் நலம். மூன்று வயது நிரம்பிய தம்பி வீட்டிலிருப்பின், களப்பணியாளர் அவனை அங்கன்வாடியில் சேர்ப்பிக்கலாம்.