உங்களுக்குத் தெரியுமா? பிச்சைக்காரிக்குத் தூக்கு, கப்பல் முதலாளிக்குத் தப்ப வழி

1692இல் அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் காலனியின் சேலம் பகுதியில் சூனிய வழக்குகள் நடந்தன. ப்யூரிட்டன் எனப்படும் கண்டிப்பான கிறிஸ்தவர்கள் குடியேறிய ஊர் அது. 150 பேருக்கு மேல் பிராதில் சிக்கினார்கள். யார் மாண்டார், யார் பிழைத்தார் என்று துருவினால் பிசாசைக் காணோம். பணமும் செல்வாக்கும்தான் திரும்பத் திரும்ப எதிர்ப்படுகின்றன.

● சேலத்தில் ஒருவரைக்கூட உயிரோடு எரிக்கவில்லை. இங்கிலாந்துச் சட்டத்தைப் பின்பற்றிய காலனியில் சூனியத்துக்குத் தண்டனை தூக்கு. 14 பெண்கள், 5 ஆண்கள் தூக்கிலிடப்பட்டனர். வழக்குக்கு உடன்பட மறுத்த கைல்ஸ் கோரி என்ற 80 வயதுக் கிழவரைப் படுக்கவைத்து, நெஞ்சின்மேல் பாரம் ஏற்றிக் கொன்றார்கள். சிறையிலேயே இறந்தவர்கள் குறைந்தது 5 பேர்.

● முதல் வாரண்டு பிப்ரவரி 29ஆம் தேதி பிறந்தது. அதில் இருந்தவர்கள் மூவர்: போதகர் சாமுவேல் பாரிஸ் வீட்டு அடிமை டிட்யூபா, வீடுவீடாகக் கையேந்திய சாரா குட், நோயாளியான சாரா ஆஸ்போர்ன். ஆஸ்போர்ன் விதவையான பிறகு தன்னிடம் வேலைபார்த்த கூலியாளையே மணந்தவர். பல நாளாகத் தொழுகைக்கும் வரவில்லை. முதல் கணவரின் நிலம் யாருக்கு என்பதில் பட்னம் குடும்பத்தோடு அவருக்குத் தகராறு. பிராது கொடுத்தவர்களில் தாமஸ் பட்னமும் ஒருவர். மூவருக்காகவும் பரிந்து பேச ஊரில் ஆளில்லை. ஆஸ்போர்ன் மே மாதமே சிறையில் இறந்துபோனார்.

● சாரா குட் பிறக்கும்போதே ஏழை அல்ல. அப்பா சத்திரம் நடத்திய வசதியானவர். 1672இல் நீரில் மூழ்கித் தற்கொலை செய்துகொண்டார். மகள்களுக்குச் சேரவேண்டிய சொத்து ஒழுங்காகக் கைக்கு வரவில்லை. முதல் கணவர் விட்டுப்போன கடன், வந்த கொஞ்சத்தையும் விழுங்கியது. இரண்டாம் கணவர் வில்லியம் குட்டோடு அவர் அண்டிப் பிழைக்கும் நிலைக்கு வந்தார். ஒரு குடும்பம் அவர்களுக்கு இடம் கொடுத்தது, பிறகு வெளியேற்றியது. அதன்பின் இரண்டாண்டில் தங்கள் மாடுகளில் 17 செத்தன என்று அந்தக் குடும்பத்துக் கணவனும் மனைவியும் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார்கள். பிச்சை கிடைக்காத வாசலில் சாரா முணுமுணுத்துக்கொண்டே போவார்; அந்த முணுமுணுப்பே சாபம் என்று பதிவானது. கட்டிய கணவரே, இவள் சூனியக்காரியாக இருப்பாள், இல்லாவிட்டால் சீக்கிரமே ஆகிவிடுவாள் என்று சொன்னார்.

இங்கிலாந்துச் சூனிய வழக்குகளை ஆராய்ந்த வரலாற்றாய்வாளர்கள் கீத் தாமஸ், ஆலன் மெக்ஃபார்லேன் இருவரும் இதே சங்கிலியை அங்கே கண்டார்கள். இல்லை என்று விரட்டியவருக்கு மனம் உறுத்துகிறது. அடுத்து வீட்டில் ஒரு நஷ்டம் வந்தால் அந்த உறுத்தல் விரட்டப்பட்டவர்மேல் சந்தேகமாக மாறுகிறது. சாரா குட் கதைக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கத்தை நான் படித்ததில்லை. ஜூலை 19 அன்று அவரைத் தூக்கிலிட்டார்கள்.

● சாரா குட்டின் மகள் டாரதிக்கு அப்போது நான்கு அல்லது ஐந்து வயது. அவளும் சூனியக்காரி என்று கைதானாள். சங்கிலியால் கட்டப்பட்டு மாதக்கணக்கில் சிறையில் கிடந்தாள். கைக்குழந்தையாக இருந்த தங்கையோ தம்பியோ சிறையிலேயே இறந்தது. டாரதிக்கு அதன்பின் சித்தம் தெளியவே இல்லை என்று 1710இல் வில்லியம் குட் மனு எழுதினார். 30 பவுண்டு கொடுத்தார்கள். ஒரு குழந்தையின் வாழ்நாளுக்கு அது ஈடாகுமா?

● அக்காலத்தில் கைதிகள் தங்கள் சிறைவாசத்துக்குத் தாங்களே காசு கட்டவேண்டியிருந்தது. சாப்பாட்டுக்கும் விலங்குக்கும் கூடக் கணக்கு உண்டு. குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தாலும் பாக்கியைத் தீர்க்காமல் வெளியே வர முடியாது. லிடியா டஸ்டின் என்ற மூதாட்டி 1693இல் குற்றமற்றவர் என்று தீர்ப்புப் பெற்றார், ஆனால் கட்டப் பணமில்லாமல் உள்ளேயே இறந்தார். டிட்யூபாவுக்கான பாக்கியைப் போதகர் பாரிஸ் கட்டவில்லை. ஓராண்டுக்கு மேல் சிறையில் வாடிய அவரை, பணம் கட்டிய வேறொருவர் அடிமையாகக் கொண்டுபோனார். ஆன் ஃபாஸ்டர் டிசம்பரில் சிறையில் இறந்தபோது, தாயின் உடலைப் பெறுவதற்கு மட்டும் மகன் 2 பவுண்டு 10 ஷில்லிங் கொடுக்கவேண்டியிருந்தது.

● டிட்யூபாவைக் கறுப்பினப் பெண்ணாகப் பல நாடகங்கள், கதைகள் காட்டுகின்றன. 1692 ஆவணங்கள் அவரைச் செவ்விந்தியர் என்றே குறிக்கின்றன.

● பிலிப் இங்கிலிஷ், சேலத்தின் பெரும் பணக்காரர்களில் ஒருவர், கப்பல் வணிகர். அவரும் மனைவி மேரியும் கைதாகி பாஸ்டனில் காவலில் இருந்தார்கள். விசாரணைக்கு முன்பே நியூயார்க்குக்குத் தப்பிவிட்டார்கள். கேப்டன் ஜான் ஆல்டன், சார்ல்ஸ்டவுன் கப்பல்காரர் நதானியேல் கேரியின் மனைவி எலிசபெத் ஆகியோரும் அப்படியே. இங்கிலிஷின் சொத்தை ஷெரீப் ஜார்ஜ் கார்வின் பறிமுதல் செய்தார் என்பது உண்மை. ஆனால் தம்பதியின் உயிர் மிஞ்சியது.

● மார்கரெட் தாச்சர் என்ற பாஸ்டன் சீமாட்டியின் பெயரையும் 'பாதிக்கப்பட்டவர்கள்', அதாவது தங்களைச் சூனியம் வாட்டுவதாகக் குற்றம்சாட்டியவர்கள், பலமுறை சொன்னார்கள். வாரண்டு வரவே இல்லை. அவர் நீதிபதி ஜொனாதன் கார்வினின் மாமியார். இந்தப் பாரபட்சத்தை தாமஸ் பிராட்டில் என்ற வணிகர் அதே ஆண்டு அக்டோபரில் ஒரு கடிதத்தில் வெளிப்படையாகச் சுட்டிக்காட்டினார். ஊரே பயந்து கிடந்த நேரத்தில் அப்படி எழுதத் துணிச்சல் வேண்டும்.

● நல்ல பெயர் மட்டும் காப்பாற்றவில்லை. 71 வயது ரெபெக்கா நர்ஸ் பக்திக்குப் பெயர் போனவர். அவருக்காக 39 பேர் மனுவில் கையெழுத்திட்டார்கள். ஜூரி முதலில் குற்றமற்றவர் என்றது. தலைமை நீதிபதி ஸ்டவுட்டன் மீண்டும் யோசிக்கச் சொன்னதும் தீர்ப்பு மாறியது. ரெபெக்காவும் சாரா குட்டும் ஒரே நாளில் தூக்கிலிடப்பட்டார்கள்.

● வழக்கமாக ப்யூரிட்டன் தொழுகைக் கூடங்களில் யார் எங்கே உட்காருவது என்பதே வயது, செல்வம், அந்தஸ்து பார்த்து முடிவாகும். பணிப்பெண்களின் பேச்சுக்கு அங்கே மதிப்பில்லை. 1692இல் மட்டும் அவர்கள் சுமத்திய குற்றச்சாட்டுகளை நீதிபதிகள் எழுதிக்கொண்டார்கள். மெர்சி லூயிஸ், எல்லைப் போரில் பெற்றோரை இழந்து வேலைக்கு வந்தவள். ஜான் பிராக்டர் என்பவரின் வீட்டு வேலைக்காரி மேரி வாரன், அடிப்பேன் என்று எஜமானரால் மிரட்டப்பட்டவள். பேச்சை மாற்றிக்கொண்டபோது அவளையும் சூனியக்காரி என்றார்கள். அவர்கள் செய்த கேடு பெரிது. அதற்காக அவர்களுடைய பயத்தைப் பொய் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

● ஒப்புக்கொண்டு அதில் நிலைத்த யாரும் தூக்கிலேறவில்லை; தொங்கியவர்கள் மறுத்தவர்களே. ஒப்புதலைத் திரும்பப் பெற்ற சாமுவேல் வார்ட்வெல்லைத் தூக்கிலிட்டார்கள்.

● 1711இல் காலனி அரசு 578 பவுண்டு 12 ஷில்லிங் இழப்பீடு ஒதுக்கி, பலரைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. மனுப் போட ஆள் இல்லாதவர்கள் விடுபட்டார்கள். முதலில் தூக்கிலிடப்பட்ட பிரிட்ஜெட் பிஷப் உள்ளிட்ட ஐவரின் பெயர் 2001இல்தான் சட்டத்தில் ஏறியது. தண்டனை விதிக்கப்பட்டும் உயிர்தப்பிய எலிசபெத் ஜான்சனுக்குப் பிள்ளைகள் இல்லை. வாதாட வாரிசும் இல்லை. நார்த் ஆண்டோவர் ஊரின் எட்டாம் வகுப்பு மாணவர்களும் அவர்களின் ஆசிரியையும் அந்த வழக்கைக் கையிலெடுத்தார்கள். 2022இல் மாசசூசெட்ஸ் மாநிலம் அவரையும் விடுவித்தது.