அடுப்படி வழியே – 9: பழமும் வெல்லமும்

காரைக்காலில் ஒரு மாங்கனியால் திசை மாறிய புனிதவதியாரின் வாழ்க்கை, திருவாலங்காட்டில் ஆடும் இறைவனின் திருவடியில் நிறைந்தது என்கிறது பெரியபுராணம். காரைக்காலில் ஆனிப் பௌர்ணமியை ஒட்டி இன்றும் மாங்கனித் திருவிழா நடக்கிறது. திருவாலங்காடு, திருத்தணிப் பக்கமும் அது மாம்பழம் மலியும் காலம். எல்லை தாண்டினால் சித்தூர்ச் சீமையின் மாந்தோப்புகள். அங்கே விளையும் கிளிமூக்கு மாம்பழத்தில் பெரும்பங்கு கூழ் ஆலைகளுக்குப் போகிறது. வீட்டுக்கு வாங்கி வரும் கூடையிலும் நாலைந்து பழம் அடிபட்டு, தோல் சுருங்கி, யாரும் எடுக்காமல் பின்தங்கிவிடும். இந்த வாரம் அந்தப் பழங்களுக்காக.

அவற்றைக் குப்பைக்கு அனுப்ப வேண்டாம். அடிபட்ட இடத்தைத் தாராளமாக வெட்டி எறிந்துவிட்டு மீதியை எடுத்துக்கொள்ளுங்கள். பூஞ்சை பிடித்ததையும் புளித்த வாடை அடிப்பதையும் மட்டும் முழுதாகத் தள்ளிவிடுங்கள்.

பழக்கூழ் ஜாமாக உறைய மூன்று வேண்டும்: இனிப்பு, புளிப்பு, பெக்டின். பெக்டின் என்பது பழத்தின் சதையிலேயே இருக்கும் பசை. பழம் கனியக் கனிய அது குறைந்துகொண்டே போகும். அதனால் நன்கு கனிந்த பழத்தோடு, அப்போதுதான் பழுக்கத் தொடங்கிய ஒன்றிரண்டையும் சேர்க்க வேண்டும். பங்கனப்பள்ளி தித்திக்கும், ஆனால் புளிப்பு போதாது. மூன்று பங்கு பங்கனப்பள்ளிக்கு ஒரு பங்கு கிளிமூக்கு சேர்த்தால் சுவை எழும்பும்.

ஒரு கிலோ கூழுக்கு முக்கால் கிலோ சர்க்கரை, இரண்டு எலுமிச்சையின் சாறு. அடிகனமான பாத்திரத்தில் கைவிடாமல் கிளறுங்கள். குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டுச் சாய்த்துப் பாருங்கள். ஓடாமல் நின்றால் பதம். வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு அது 105 டிகிரி செல்சியஸ். அந்தப் பதத்தில் இனிப்பு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்காக ஏறி, பழத்திலுள்ள நீரைக் கிருமிகளுக்குக் கிடைக்காமல் கட்டிப்போட்டுவிடுகிறது. கெடாமல் இருப்பதன் காரணம் அதுதான்.

சர்க்கரைக்குப் பதில் வெல்லம் போடலாம். கரைத்து வடிகட்டிய பாகில் கூழைக் கொட்டிக் கிளறினால் உறையாது. தொக்குப் போல இளகியே நிற்கும். ஏலக்காயும் துளி சுக்கும் சேர்த்தால் மணம் தனி. ஃபிரிட்ஜில் வைத்துச் சில வாரங்களுக்குள் தீர்த்துவிட வேண்டும்.

இதெல்லாம் வெள்ளைக்காரர் கற்றுத் தந்த வித்தை என்று நினைக்க வேண்டியதில்லை. அடுப்பே இல்லாமல் பழத்தைக் காக்கத் தெரிந்தவர்கள் நம் முருகன் கோயில்காரர்கள். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பழனிப் பஞ்சாமிர்தத்தில் மலை வாழைப்பழத்தோடு சர்க்கரை, தேன், நெய், பேரீச்சை, கற்கண்டு, ஏலக்காய் சேர்கின்றன. ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்வதில்லை. அங்கும் காப்பது அதே இனிப்புதான்.

விளாம்பழத்தை உடைத்து, வெல்லம் போட்டுப் பிசைந்து தின்னாத பிள்ளைகள் நம் ஊர்களில் குறைவு. புளிப்பும் பெக்டினும் நிறைந்த அந்தப் பழத்தை இலங்கையில் ஜாமாகக் காய்ச்சி, கடைகளில் பாட்டிலில் விற்கிறார்கள். கொய்யாவும் அப்படித்தான், எந்தப் பசையும் கடையில் வாங்காமலே நன்றாக உறையும்.

கடையில் விற்கும் ஜாமில் 45 சதவீதம் பழம் இருந்தாலே நம் நாட்டு உணவு விதிக்குப் போதும். வீட்டில் காய்ச்சும்போது பாதிக்கு மேல் பழமே போடுகிறோம், அதுவும் நம் கண்ணெதிரே. காய்ச்சல் விட்டு எழுந்த பிள்ளையின் ருசி மறந்த நாக்குக்கு, சூடான தோசையில் ஒரு கரண்டி மாம்பழத் தொக்கைத் தடவிக் கொடுங்கள். கேழ்வரகு அடைக்கும் பழைய சப்பாத்திக்கும் அதுவே துணை. இன்ன பழம்தான் வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். இனிப்பு, புளிப்பு, பசை மூன்றின் கணக்கும் கைக்கு வந்துவிட்டால், எந்தப் பருவத்தில் எது மலிவோ அதுவே உங்கள் வீட்டுப் பண்டம். பிள்ளைகளையும் பக்கத்தில் நிறுத்திப் பதம் பார்க்கச் சொல்லுங்கள். இந்தக் கணக்கை அவர்களும் கற்கட்டும்.

அடுத்த வாரம்: வேர்க்கடலையும் வெல்லமும்.