அப்பாவின் சாவி தப்பியது

லகாட் சாலையில் முதலில் நின்றது வானொலி. என் பிழைப்பே அதுதான் என்பதால் அந்த மௌனம் உடனே உறைத்தது. அடுத்த நொடி எஞ்சினும் அடங்கியது. பின்னால் லாரி. எப்படியோ ஓரம் கட்டினேன்.

அப்பா விட்டுச் சென்ற பழைய புரோட்டோன் சாகா, 1985-இல் அறிமுகமான முதல் மாடல். பேட்டரி போய்விட்டது என்றே நினைத்தேன். ஆனால் ஹெட்லைட் பளிச்சென்று எரிந்தது. சாவியை லேசாக அசைத்தால் மீட்டர் விளக்குகள் மினுக்கின.

“சுவிட்ச்தான் தம்பி” என்றார் பட்டறை அண்ணன். பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றிவிட்டு, ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள மூடியைத் திறந்தார். சாவி நுழையும் பூட்டு வேறு, அதன் பின்னால் மின்சாரத்தைப் பிரித்துவிடும் சுவிட்ச் வேறு. கருகியிருந்தது பின்னது. அதை மட்டும் மாற்றியதால் அப்பா தேய்த்த சாவியே இன்னும் ஓடுகிறது.

“இத்தனை சாவியும் எதுக்குத் தொங்குது?” என்று கேட்டார் அண்ணன். வீடு, ஆபீஸ், மோட்டார், எல்லாம் ஒரே கொத்து. அந்தக் கனம் சுவிட்சைத் தேய்க்குமாம். விளையாட்டில்லை. 2014-இல் ஜெனரல் மோட்டார்ஸ் சுவிட்ச் கோளாறால் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. ஓடும்போதே சாவி நழுவி, எஞ்சின் அணைந்து, காற்றுப்பை விரியாமல் 124 பேர் இறந்திருந்தார்கள்.

இப்போது கார் சாவி தனி. வீட்டுச் சாவியைத்தான் இரண்டு முறை மறந்துவிட்டேன்.