வார்டிலிருந்து தொடங்கட்டும் ஆங்கிலப் பாடம்

பிரிட்டனில் வேலைக்குப் போக விரும்பும் நம் செவிலியர்கள், டியூட்டி முடிந்த கையோடு ஆங்கில வகுப்புக்கு ஓடுகிறார்கள். அவர்களில் பலர் ஐசியுவிலும் பிரசவ வார்டிலும் ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்கள். அவர்களை உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்து இலக்கணத்தை முதலிலிருந்து நடத்துவது அநியாயம். பெரியவர்களுக்கான மொழிப்பாடம் அவர்களுடைய தொழிலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஓஇடி தேர்வின் அடிப்படையும் அதுதான். மருத்துவப் பணியாளர்களுக்காக 1980களின் பிற்பகுதியில் ஆஸ்திரேலியாவில் உருவான ஆங்கிலத் தேர்வு இது. மொழித்தேர்வு அறிஞர் டிம் மெக்னமாராவுக்கு இதில் முக்கியப் பங்கு உண்டு. பிரிட்டனின் செவிலியர் கவுன்சில் 2017 முதல் இதை ஏற்கிறது.

பேச்சுத் தேர்வில் கையில் ஓர் அட்டை தருவார்கள். தயாராக 3 நிமிடம். பேச 5 நிமிடம். எதிரே இருப்பவர் நோயாளியாக நடிப்பார். இன்சுலின் போட்டுக்கொள்ள மறுக்கும் ஒரு சர்க்கரை நோயாளி என்று வைத்துக்கொள்வோம். நம் வார்டில் என்றால் அந்தச் செவிலியர், "என்னம்மா, ஊசின்னா பயமா? வாழ்நாள் பூரா போடணும்னு யாராவது சொன்னாங்களா?" என்று இதமாக விசாரித்திருப்பார். ஆங்கிலம் என்றதும் "டோன்ட் வொர்ரி" சொல்லிவிட்டு, மருந்து விளக்கத்துக்குத் தாவிவிடுகிறார். நோயாளியின் கவலையைக் கேட்டறிவதற்கும் அங்கே மதிப்பெண் உண்டு. செவிலியரிடம் ஏற்கெனவே இருக்கும் அந்தப் பரிவான விசாரிப்பை ஆங்கிலத்தில் வெளிக்கொணர்வதுதான் ஆசிரியரின் வேலை.

இலக்கணமும் வேண்டும்தான், தேவைப்படும் இடத்தில் வரட்டும். 'மூன்று நாளாகக் காய்ச்சல்' என்று கேஸ் ஷீட்டைப் பார்த்து எழுதும்போது, 'ஹேஸ் ஹேட் எ ஃபீவர் ஃபார் த்ரீ டேஸ்' என்ற அமைப்பைச் சொல்லிக்கொடுத்தால் மனதில் நிற்கும். எழுத்துத் தேர்வில் கேட்பதும் கேஸ் குறிப்புகளிலிருந்து எழுதும் கடிதம்தான். அதைப் படிக்கும் மருத்துவருக்கோ செவிலியருக்கோ எது தேவை, எதை விடலாம் என்று தேர்ந்தெடுக்கும் அறிவு அனுபவத்தில் வந்தது. அதை மதித்து வகுப்பில் பயன்படுத்த வேண்டும்.

பேசும்போது வரிக்கு வரி குறுக்கிட்டுத் திருத்தக் கூடாது. பிழைகளைக் குறித்துவைத்து, பேசி முடித்தபின் எல்லோருக்கும் பொதுவாக விளக்கலாம். பத்துப் பேர் முன்னால் கூசிப்போன பெரியவர்கள் அடுத்த வாரம் வாய் திறக்கவே மாட்டார்கள்.

மருத்துவமனைகளும் நர்சிங் கல்லூரிகளும் இந்தப் பயிற்சியை ஷிப்ட் நேரத்துக்கு ஏற்ப உள்ளேயே நடத்த வேண்டும். வெளிநாடு போகாதவர்களுக்கும், வேற்று மாநில நோயாளியிடம் பேச அது கைகொடுக்கும்.